ஐரிஷ் நவீனத்துவப் புனைகதையை ஆய்வாளர்கள் எப்படி வாசிக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களும், பெயரைக் கேள்விப்பட்டு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலை வாங்கி நாற்பதாம் பக்கத்தில் வைத்துவிட்ட வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் என் சாய்வுகளும் இருக்கும்.

ஐரிஷ் நவீனத்துவம் என்றால் யார் யார்?

ஏறத்தாழ 1900க்கும் 1950களுக்கும் இடையில் எழுதியவர்கள். ஜேம்ஸ் ஜாய்ஸ், சாமுவேல் பெக்கெட், ஃப்ளான் ஓ'பிரையன், எலிசபெத் போவென் ஆகிய நால்வரும் எல்லாப் பட்டியலிலும் இருப்பார்கள். ஜாய்ஸுக்கு முன்னோடியாக ஜார்ஜ் மூர், அப்புறம் கேட் ஓ'பிரையன், ஐரிஷ் மொழியில் எழுதிய மார்டின் ஓ கைன். ஜாய்ஸ் ஓர் ஆலமரம். அந்த நிழலில் மற்றவர்கள் நெடுங்காலம் வளர முடியவில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த நல்ல ஆய்வுகளில் பாதி, அந்த நிழலுக்கு வெளியே பார்த்ததால் வந்தவை.

எங்கிருந்து தொடங்குவது?

ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பில் உள்ள 'ஈவ்லின்' கதையிலிருந்து. சில பக்கங்கள்தான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தப் பக்கத்தில் பல பதில்களுக்கு அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன், அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது வயது தாண்டிய ஈவ்லின் ஜன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா இறந்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டு மிரட்டுகிறவர். கடையில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் ஏழு ஷில்லிங்கையும் அவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரிடமே கெஞ்ச வேண்டும். ஃபிராங்க் என்ற மாலுமி அவளைக் கல்யாணம் செய்து பியூனஸ் அயர்ஸுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். இன்றிரவு கப்பல். 'என்னால் முடிந்தவரை வீட்டைச் சிதறாமல் பார்த்துக்கொள்வேன்' என்று சாகக் கிடந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வருகிறது. கடைசியில் நார்த் வால் துறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். ஃபிராங்க் கூப்பிடக் கூப்பிட, அவள் முகத்தில் காதலோ விடைகொடுப்போ, அவனைத் தெரிந்ததற்கான அடையாளமோகூட இல்லை. கதை அங்கே முடிகிறது.

கதை சொல்வது ஆசிரியரா, பாத்திரமா? எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

குழப்பம் வரத்தான் வேண்டும், அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடையை நுணுகிப் பார்க்கும் வாசிப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஹ்யூ கென்னர் என்ற விமர்சகர் 1978இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: 'சார்லஸ் மாமா விதி'. ஜாய்ஸின் முதல் நாவலில் சார்லஸ் மாமா தினமும் காலையில் தலைமுடிக்கு எண்ணெய் தடவி, சீவி, உயரத் தொப்பி அணிந்து, கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போவார். 'போனார்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஜாய்ஸ் ஒரு பகட்டான வினையைப் போட்டிருப்பார், நம் ஊரில் 'எழுந்தருளினார்' என்று எழுதுவது மாதிரி. விண்டம் லூயிஸ் என்ற எழுத்தாளர் அதைப் படித்துவிட்டு, மலிவான நாவல்களின் நடை என்று குறை சொன்னார். கென்னரின் பதில்: அது ஜாய்ஸின் சொல் அல்ல, சார்லஸ் மாமா தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் பயன்படுத்தியிருக்கக்கூடிய சொல். மேற்கோள்குறி இல்லாமல், 'என்று நினைத்தார்' என்பதும் இல்லாமல், பாத்திரத்தின் சொற்கள் ஆசிரியரின் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகின்றன.

இதை வைத்துக்கொண்டு 'ஈவ்லின்' கதைக்குப் போங்கள். ஃபிராங்க் அன்பானவன், ஆண்மையுள்ளவன், திறந்த மனசுக்காரன் என்று கதை சொல்கிறது. 'சொல்வது யார்?' என்று நீங்கள் கேட்ட உடனே அந்தச் சொற்கள் வார இதழ்த் தொடர்கதையிலிருந்து ஈவ்லின் எடுத்துக்கொண்டவை என்று தெரிந்துவிடும். அதற்குமேல் ஃபிராங்கைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது.

அப்படியானால் ஃபிராங்க் ஏமாற்றுக்காரனா?

இதைப் பற்றி அரை நூற்றாண்டாகச் சண்டை நடக்கிறது. மீண்டும் கென்னர்தான் தொடங்கிவைத்தார். பியூனஸ் அயர்ஸில் தான் நன்றாகக் காலூன்றிவிட்டதாக ஃபிராங்க் சொல்லும் வாக்கியத்தில் 'என்று அவன் சொன்னான்' என்பது இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. கென்னர் அந்தக் காற்புள்ளிகளைப் பிடித்துக்கொண்டார். நார்த் வாலிலிருந்து கிளம்பும் படகு லிவர்பூலுக்குத்தான் போகும், அவளை அங்கேயே கைவிட்டுவிடுவான் என்பது அவர் ஊகம். மறுத்து எழுதியவர்களும் உண்டு. லிவர்பூலில் கப்பல் மாறுவது அன்றைக்கு எல்லோரும் செய்ததுதானே என்பது எளிய மறுப்பு.

எனக்கு இதில் அதிகம் பிடித்தது காத்தரின் மல்லின் என்ற ஆய்வாளர் சென்ற வழி. அவர் ஃபிராங்கின் மனசுக்குள் போக முயலவில்லை, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குள் போனார். 'ஈவ்லின்' முதலில் வெளியானது 1904 செப்டம்பர் 10 அன்று, 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்ற வார இதழில். அது விவசாயக் கூட்டுறவு இயக்கத்தின் பத்திரிகை. 'யுலிசிஸ்' நாவலில் வரும் ஸ்டீபன் என்ற இளைஞன் அதைப் 'பன்றிப் பத்திரிகை' என்று கேலி செய்வான். ஊரைவிட்டுப் போகாதீர்கள், போனால் கெட்டழிவீர்கள் என்று எச்சரிக்கும் கதைகள் அந்த வட்டாரத்தில் நிறைய வந்தன. தென் அமெரிக்காவுக்குப் பெண்களை ஏமாற்றிக் கடத்துகிறார்கள் என்ற பீதியும் அப்போது பரவியிருந்தது. ஃபிராங்க் சொல்வது ஒரு பிரசாரம், அவனை நம்பாதே என்பது இன்னொரு பிரசாரம். ஈவ்லின் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் என்று வாசிக்கும்போது, ஃபிராங்க் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வி சுருங்கிப்போகிறது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு வேறொரு காரணம் கிடைக்கிறது.

இன்னொரு தகவல். இந்தக் கதை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 8 அன்று ஜாய்ஸ் நோரா பர்னக்கிள் என்ற பெண்ணோடு டப்ளினைவிட்டுக் கப்பலேறினார். கல்யாணம் ஆகவில்லை. நோரா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

'யுலிசிஸ்' படிக்க ஹோமரின் காவியம் தெரிந்திருக்க வேண்டுமா?

கொஞ்சம் தெரிந்தால் போதும். டி. எஸ். எலியட் 1923இல் ஒரு கட்டுரை எழுதினார். இக்காலத்தின் குழப்பத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கப் பழங்காவியத்தை இணையாக ஓடவிடுவதுதான் ஜாய்ஸின் கண்டுபிடிப்பு என்றார், அதற்குத் 'தொன்ம முறை' என்று பெயரும் வைத்தார். ஜாய்ஸே 1920, 1921இல் இரண்டு அட்டவணைகள் தயாரித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு ஹோமர் தலைப்பு, ஓர் உடலுறுப்பு, ஒரு நிறம், ஒரு கலை. ஸ்டுவர்ட் கில்பர்ட் 1930இல் அதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். விளைவு, இரண்டு தலைமுறை மாணவர்கள் நாவலைக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அச்சான நாவலில் அத்தியாயத் தலைப்புகளே கிடையாது. 'சைக்ளோப்ஸ்', 'சர்சி' என்று நாம் சொல்வதெல்லாம் அட்டவணையிலிருந்து வந்த வழக்கம். எலியட் சொன்னதில் எலியட்டின் கவிதைக்குப் பொருந்துவது அதிகம், ஜாய்ஸுக்குப் பொருந்துவது குறைவு என்பது என் எண்ணம். 1904 ஜூன் 16 அன்று புளூம் என்ற விளம்பர முகவர் டப்ளினில் சிறுநீரகம் வறுத்துத் தின்று, ஒரு சாவுக்குப் போய், நடந்து திரிந்து, வீடு திரும்புகிறார். அதைப் பின்தொடர்ந்தால் முதல் வாசிப்புக்குப் போதும்.

பின்காலனிய வாசிப்பு என்கிறார்களே, அயர்லாந்து எப்படிக் காலனி ஆகும்?

நியாயமான கேள்விதான். இதே ஆட்சேபத்தை எழுப்பும் வரலாற்றாசிரியர்கள் அயர்லாந்திலேயே உண்டு. 1801 முதல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்த ராஜ்யத்தின் பகுதி. லண்டன் பாராளுமன்றத்தில் அதற்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஐரிஷ்காரர்கள் இந்தியாவில் சிப்பாய்களாகவும் அதிகாரிகளாகவும் பேரரசுக்கு வேலை செய்தார்கள். மறுபக்கம், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு மக்கள் கப்பலேறினார்கள், சொந்த மொழி ஒரு கரையோரத்துக்கு ஒதுங்கியது. காலனி, காலனி அல்ல, இரண்டும் உண்மை.

1980 வரை ஜாய்ஸ் என்றால் ஐரோப்பியர், நாடுகடந்தவர், அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்பதே கல்லூரிப் பாடம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அது வசதியாக இருந்தது. டெர்ரி நகரில் 1980இல் நாடகக் குழுவாகத் தொடங்கிய 'ஃபீல்ட் டே' அமைப்பு 1988இல் டெர்ரி ஈகிள்டன், ஃபிரெட்ரிக் ஜேம்சன், எட்வர்ட் சயித் ஆகிய மூவரிடமும் சிறு வெளியீடுகள் எழுதி வாங்கியது. அயர்லாந்தைப் பேரரசோடு சேர்த்துப் பேசும் வழக்கம் அதன்பிறகு வலுத்தது. 1994, 1995 இரண்டே ஆண்டுகளில் என்டா டஃபி, வின்சென்ட் செங், எமர் நோலன், டெக்லன் கைபர்ட் ஆகியோரின் புத்தகங்கள் வந்தன.

இவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் 'சைக்ளோப்ஸ்' அத்தியாயம். பார்னி கீர்னனின் மதுக்கடை. 'குடிமகன்' என்று மட்டும் பெயருள்ள ஒரு தேசியவாதி, நாய் சகிதம், அந்நியர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். யூதரான புளூமிடம் நாடு என்றால் என்ன என்று கேட்கிறார்கள். ஒரே இடத்தில் வாழும் ஒரே மக்கள் என்கிறார் புளூம். உடனே ஒருவன், அப்படியானால் நானும் ஒரு நாடுதான், ஐந்து வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறேனே என்று கிண்டலடிக்கிறான். கடைசியில் குடிமகன் பிஸ்கட் டின்னை எடுத்து வீசுகிறார். பழைய வாசிப்பில் இது எளிது: புளூம் நல்லவர், தேசியவாதி ஹோமரின் சைக்ளோப்ஸ் மாதிரி ஒற்றைக்கண் அரக்கன். எமர் நோலன் அதைக் குலைத்தார். குடிமகன் பஞ்சத்தையும் அழிந்த தொழில்களையும் பற்றிச் சொல்லும் வரலாறு, ஜாய்ஸே இத்தாலியப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளோடு ஒத்துப்போகிறது என்று எடுத்துக்காட்டினார். அப்படியானால் அந்த மனிதரை வெறும் கோமாளி என்று தள்ளிவிட முடியுமா? அந்த அத்தியாயத்தை இப்போது படிக்கும் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

டெரெக் ஆட்ரிஜும் மார்ஜரி ஹௌஸும் 2000இல் தொகுத்த நூலுக்கு 'அரைக்காலனிய (semicolonial) ஜாய்ஸ்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். சொல் ஜாய்ஸுடையதே. 'ஃபின்னெகன்ஸ் வேக்' நாவலில் முற்றுப்புள்ளிகளோடும் அரைப்புள்ளிகளோடும் சேர்த்து அவர் விளையாடிய ஒரு சிலேடை.

பெண்ணிய வாசிப்பில் என்ன புதிதாகக் கிடைத்தது?

முதலில், அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இருந்தவர்கள். 'யுலிசிஸ்' நாவலை அமெரிக்காவில் தொடராக வெளியிட்டவர்கள் மார்கரெட் ஆண்டர்சனும் ஜேன் ஹீப்பும். 1921இல் ஆபாச வழக்கில் ஆளுக்கு 50 டாலர் அபராதம் கட்டியவர்களும் அவர்களே. பணம் கொடுத்துத் தாங்கியவர் ஹாரியட் ஷா வீவர். 1922 பிப்ரவரி 2 அன்று பாரிஸில் புத்தகமாகக் கொண்டுவந்தவர் சில்வியா பீச். நவீனத்துவத்தை ஆண் மேதைகளின் வரிசையாகச் சொன்ன பழைய வரலாறு இவர்களை அடிக்குறிப்பில் வைத்திருந்தது.

இரண்டாவது, அதே நாவலில் புளூமின் மனைவி மோலி. கடைசி அத்தியாயம் முழுக்க அவள் மனவோட்டம், எட்டே வாக்கியங்கள், நிறுத்தற்குறிகள் அநேகமாக இல்லை. ஆரம்பகால விமர்சகர்கள் அவளைப் பூமித்தாய் என்றார்கள், இல்லாவிட்டால் வேசி என்றார்கள். பானி கைம் ஸ்காட் போன்றவர்கள் 1980களில் வந்து இரண்டையும் கேள்வி கேட்டார்கள். ஆனால் இந்தக் குரலைப் பெண்மொழி என்று கொண்டாடுவதா, பெண் இப்படித்தான் நினைப்பாள் என்ற ஆணின் கற்பனை என்பதா? இதில் பெண்ணியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

எலிசபெத் போவென் பழைய பாணி நாவலாசிரியர் இல்லையா?

நெடுங்காலம் அப்படித்தான் வைத்திருந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல ஆங்கிலம், தேநீர் விருந்து. 1995இல் ஆண்ட்ரூ பென்னட்டும் நிக்கலஸ் ராயிலும் எழுதிய நூல் அந்த எண்ணத்தை மாற்றியது. போவெனின் வாக்கியங்கள் ஏன் இப்படித் திருகிக்கொள்கின்றன என்று அவர்கள் கேட்டார்கள்.

'தி லாஸ்ட் செப்டம்பர்' (1929) எடுத்துக்கொள்ளுங்கள். 1920, கார்க் மாவட்டம், விடுதலைப் போர் நடக்கிறது. டேனியல்ஸ்டவுன் என்ற பெரிய வீட்டில் புராட்டஸ்டன்ட் நிலக்கிழார்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளோடு டென்னிஸ் ஆடுகிறார்கள். போரைப் பற்றி யாரும் நேராகப் பேசுவதில்லை. லோயிஸ் என்ற பெண் அந்தி நேரத்தில் புதர்ப் பாதையில் தனியாக நிற்கும்போது, மழைக்கோட்டு அணிந்த ஒரு போராளி அவளைக் கவனிக்காமல் கடந்து போகிறான். அவ்வளவுதான் சம்பவம். அந்த வீட்டு நிலத்தில் அவனுக்கு வழி தெரிந்திருக்கிறது. முடிவில் வீடு எரிகிறது, திறந்த கதவு விருந்தினரை வரவேற்பதுபோல நெருப்பைப் பார்த்துத் திறந்திருக்கிறது. சொல்லாமல் விடும் இந்த நடையை ஒரு வர்க்கத்தின் பழக்கமாகவே வாசிக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வின் பொதுவான போக்கு. போவெனின் சொந்த வீடு எரியவில்லை. 1959இல் அவரே விற்றார், வாங்கியவர் இடித்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது அயர்லாந்தின் நடுநிலை பற்றி அவர் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்துக்கு அறிக்கைகள் எழுதியது அவருடைய ஊரில் இன்னும் மன்னிக்கப்படவில்லை. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஐரிஷ் மொழியில் நவீனத்துவம் உண்டா?

உண்டு. ஆங்கிலத் துறைகள் அதைக் கவனிக்கத் தாமதித்தன, காரணம் சோம்பல். மார்டின் ஓ கைனின் 'க்ரே ந கில்லெ' 1949இல் வந்தது. பாத்திரங்கள் எல்லோரும் பிணங்கள். கானமாராவின் ஒரு கல்லறையில், மண்ணுக்கடியில் படுத்துக்கொண்டு ஓயாமல் வம்பளக்கிறார்கள். புதிதாகப் புதைக்கப்பட்ட கத்ரீனாவின் முதல் கவலை, தன்னை ஒரு பவுன் குழியில் புதைத்தார்களா, மலிவான பதினைந்து ஷில்லிங் குழியில் போட்டுவிட்டார்களா என்பது. வர்ணனையே அநேகமாக இல்லை, முழுக்கப் பேச்சு. யார் பேசுகிறார்கள் என்பதை அவரவர் பல்லவியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் வர 2015 ஆகிவிட்டது. மறு ஆண்டே இன்னொன்றும் வந்தது.

ஃப்ளான் ஓ'பிரையன் 1941இல் ஐரிஷில் எழுதிய 'அன் பேல் பொக்ட்' வேறு ரகம். ஏழ்மையான மேற்குக் கரைக் கிராமங்களுக்குப் போய் 'தூய மொழி' தேடிய நகரத்துக்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறது. ஒரு நாட்டாரியல் ஆய்வாளர் இருட்டுக் குடிசையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, உள்ளே வந்த பன்றியின் உறுமலைப் பதிவு செய்துகொண்டு போகிறார். அதற்கு பெர்லினில் பாராட்டு கிடைக்கிறது. களப்பணி செய்யும் எவரும் ஒருமுறை படிப்பது நல்லது.

பாடபேதம் பார்ப்பது புனைகதைக்கும் தேவையா?

பாடபேதம், அதாவது ஒரே நூலின் பிரதிகளுக்கு இடையிலான சொல் வேறுபாடு, சங்க நூல்களுக்குத்தான் என்று நினைக்கிறோம். 1922இல் அச்சான 'யுலிசிஸ்' அதற்குச் சளைத்ததல்ல. ஆங்கிலம் தெரியாத பிரெஞ்சுத் தொழிலாளர்கள் டிஜோன் நகரில் கையால் எழுத்துக் கோத்தார்கள். ஜாய்ஸோ அச்சுப்படிகளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார். நாவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படிச் சேர்ந்தது என்பார்கள். பிழைகள் குவிந்தன.

ஹான்ஸ் வால்டர் காப்ளர் 1984இல் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார், 5,000க்கு மேற்பட்ட திருத்தங்களோடு. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாரிஸில் இருக்கும் ஸ்டீபனுக்கு அப்பாவிடமிருந்து தந்தி: அம்மா சாகக் கிடக்கிறாள், வீட்டுக்கு வா. பழைய பதிப்புகளில் 'மதர்' என்றே சரியாக இருந்தது. ஜாய்ஸ் எழுதியது 'நதர்'. தந்தி அலுவலகப் பிழையோடு வந்ததால்தான் ஸ்டீபன் அதை ஒரு வேடிக்கைப் பொருளாக நினைத்துக்கொள்கிறான். யாரோ நல்ல எண்ணத்தில் திருத்திவிட்டதால், அறுபது ஆண்டுகளாக வாசகர்களுக்கு அந்த வேடிக்கை புரியாமலே போயிற்று. தாயின் சாவுச் செய்தியில் ஓர் எழுத்துப்பிழை. இதைவிட ஜாய்ஸ்தனமான ஒன்று இருக்க முடியாது.

காப்ளர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ஜான் கிட் 1988இல் கடுமையாகத் தாக்கினார். மூலக் கையெழுத்தைப் பார்க்காமல் நகல்களை நம்பினார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1904இல் உண்மையாகவே வாழ்ந்த சைக்கிள் வீரர் ஹாரி திரிஃப்ட், காப்ளர் பதிப்பில் 'ஷ்ரிஃப்ட்' ஆகிவிட்டார்.

இதற்கு அடுத்த நிலைதான் 'உருவாக்க விமர்சனம்': எது சரியான பாடம் என்று கேட்காமல், எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது. மைக்கேல் குரோடன் 1977இல் 'யுலிசிஸ்' எழுதப்பட்ட கட்டங்களைப் பிரித்துக் காட்டினார். அயர்லாந்தின் தேசிய நூலகம் 2002இல் ஒரு பெரிய கையெழுத்துத் தொகுதியை வாங்கியதும் இந்தத் துறை சூடுபிடித்தது.

பெக்கெட்டை ஐரிஷ் எழுத்தாளர் என்று சொல்லலாமா? பிரெஞ்சில்தானே எழுதினார்?

இரண்டிலும் எழுதினார், தன்னைத்தானே மொழிபெயர்த்துக்கொண்டார். 'மொல்லாய்' உள்ளிட்ட மூன்று நாவல்களும் முதலில் பிரெஞ்சு. 1950, 60களில் அவரை மனித நிலையின் தத்துவவாதியாகப் படித்தார்கள், ஊர், காலம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் இறந்த பிறகு 1930களின் குறிப்பேடுகளும் கடிதங்களும் வெளியே வந்தன. எதைப் படித்தார், எதை நகலெடுத்தார் என்று தெரிந்ததும் ஆய்வு ஆவணக் காப்பகங்களுக்குள் போனது. 'வாட்' நாவலை அவர் எழுதியது கெஸ்டாப்போவிடமிருந்து தப்பித் தெற்கு பிரான்ஸ் கிராமமான ரூசியோனில் ஒளிந்திருந்தபோது. வேலைக்காரன் வாட், முகமே காணக் கிடைக்காத எஜமானனின் பெரிய வீட்டில் கட்டளைகளுக்குப் பொருள் தேடித் திணறுவதை இந்தத் தகவலோடு படித்தால் 'மனித நிலை' என்ற சொல் கொஞ்சம் சோர்வாகப் படுகிறது. அந்த நாவலின் கடைசி வரி, குறியீடு என்று நினைத்து எழுதாத இடத்தில் குறியீடு தேடாதே என்கிறது. அதையும் குறியீடாக வாசித்தவர்கள் உண்டு!

'ஃபின்னெகன்ஸ் வேக்' யாராவது படிக்கிறார்களா?

தனியாகப் படிப்பவர்கள் குறைவு. குழுவாகப் படிக்கிறார்கள். சூரிச்சில் ஃப்ரிட்ஸ் சென் தொடங்கிய அறக்கட்டளையில் வாரந்தோறும் கூடி, ஒரு கூட்டத்துக்கு ஓரிரு பக்கம் நகர்வார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதியில் 1995இல் தொடங்கிய ஒரு குழு 2023இல்தான் முடித்தது. முதல் வாக்கியம் கடைசி வாக்கியத்தின் தொடர்ச்சி என்பதால், முடித்த கையோடு மறுபடி முதல் பக்கம்! பல மொழிகள் ஒரே சொல்லுக்குள் கலந்திருப்பதால், பல மொழிக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவதே இதற்கு ஏற்ற முறை.

உரைநூல்கள் எப்போது தேவை?

இரண்டாம் வாசிப்பில். டான் கிஃபர்டின் 'யுலிசிஸ்' உரைநூல் பெரியது, பயனுள்ளது, அங்கங்கே தவறும் உண்டு. அதைப் பக்கத்தில் திறந்துவைத்து முதல் வாசிப்பைத் தொடங்கினால் ஒரு மாதத்தில் இரண்டையும் மூடிவிடுவீர்கள். ரிச்சர்ட் எல்மனின் ஜாய்ஸ் வாழ்க்கை வரலாறு (1959, திருத்தம் 1982) அருமையான புத்தகம். ஆனால் கதைகளையே வாழ்க்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு, எச்சரிக்கையாக இருங்கள்.

கட்டுரை எழுத வேண்டும். எந்த அணுகுமுறையைத் தேர்ந்தெடுப்பது?

அணுகுமுறையை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் கெட்டுப்போவது அங்கேதான்: 'பின்காலனிய நோக்கில் ஈவ்லின்' என்று தலைப்பு வைத்துவிட்டு, கதையில் காலனியைத் தேடி அலைவது. கதையில் உங்களை உறுத்தும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈவ்லின் வீட்டுச் சுவரில் ஒரு பாதிரியாரின் மஞ்சளடித்த புகைப்படம் இருக்கிறது. அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் அப்பா, 'இப்போது மெல்போர்னில் இருக்கிறார்' என்பார். இது ஏன் இங்கே? அவர்கள் விளையாடிய வயலை பெல்ஃபாஸ்ட்காரன் வாங்கி வீடு கட்டிவிட்டான். ஃபிராங்க் கனடா போகும் கப்பலில் வேலையைத் தொடங்கினான். இப்போது அர்ஜென்டினா. நகராமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி, உலக வரைபடமே கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. உறுத்தல் இதுவென்றால், புலம்பெயர்வு வரலாறும் பேரரசும் உங்களுக்குத் தேவை. உறுத்தல் அவளது ஏழு ஷில்லிங் என்றால் பெண்ணிய ஆய்வுகளுக்குப் போங்கள். அந்த இரண்டு காற்புள்ளிகள் என்றால் கென்னர்.

தமிழ்நாட்டோடு இதற்குத் தொடர்பு ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. 1904 கோடையில் தங்க இடமில்லாமல் திரிந்த ஜாய்ஸ், டப்ளினின் சாண்டிமவுண்ட் பகுதியில் ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் தம்பதியின் வீட்டில் சில நாள் தங்கினார். கசின்ஸ் கவிஞர், பிரம்மஞானி, சைவ உணவுக்காரர். ஜாய்ஸ் பின்னால் ஒரு கேலிப்பாட்டில் அவரையும் விடவில்லை. 1915இல் தம்பதி சென்னைக்கு வந்தார்கள். கசின்ஸ் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதியதால் அந்த வேலை போயிற்று. பிறகு மதனப்பள்ளி கல்லூரி. மார்கரெட் 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்நின்றவர். இருவரும் சேர்ந்து எழுதிய தன்வரலாறு 1950இல் சென்னையில் அச்சானது. 'யுலிசிஸ்' நூலக அத்தியாயத்தில் ஸ்டீபன் பிரம்மஞானிகளை மனசுக்குள் பரிகசிக்கும் பகுதியைப் படிக்கும்போது, அந்தக் கூட்டத்தின் தலைமையகம் அடையாறில் இருந்தது நினைவிருக்கட்டும்.

இலவசமாகக் கிடைக்குமா?

ஜாய்ஸ் எழுதி அவர் காலத்தில் வெளிவந்தவை கிடைக்கும். அவர் இறந்தது 1941, இந்தியச் சட்டப்படி காப்புரிமை 60 ஆண்டு, அது எப்போதோ முடிந்துவிட்டது. ஐரோப்பாவில் 2011 முடிவோடு தீர்ந்தது. அதுவரை மேற்கோள் காட்டக்கூட அனுமதி வாங்குவது ஆய்வாளர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. பெக்கெட், போவென் இன்னும் காப்புரிமைக்குள் இருக்கிறார்கள், நூலகம்தான் வழி. இணையத்தில் 'யுலிசிஸ்' இறக்குவதானால் எந்தப் பதிப்பின் பாடம் என்று பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தத் தந்தியைத் தேடிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.